கான்ஜுகேட்டட் பாலிமர் தயாரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் மின்னணுவியலுக்கான குறைகடத்திப் பாலிமர்களை ஆய்வகத்தில் தயாரிக்க இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கோளாறு கண்ணில் படுவது டிரான்சிஸ்டரில்தான், ஆனால் பெரும்பாலும் அது பிறப்பது குடுவையில். அதனால் இங்கே குடுவை பற்றிய பேச்சே அதிகம். வேதியியல் ஆய்வகப் பயிற்சி, புகைக்கூண்டு, நைட்ரஜன் அல்லது ஆர்கான் இணைப்பு மூன்றும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. வீட்டில் செய்து பார்க்கும் வேலை அல்ல.

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதானே படித்தோம்?

பாலித்தீனுக்கு அது சரி. அதில் ஒவ்வொரு கார்பனும் தன் எலக்ட்ரான்களை நான்கு ஒற்றைப் பிணைப்புகளில் முழுவதுமாகக் கட்டிப்போட்டிருக்கிறது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் சங்கிலியில் ஒவ்வொரு கார்பனிலும் ஒரு பை எலக்ட்ரான் மிஞ்சுகிறது. இவை அண்டைக் கார்பன்களின் எலக்ட்ரான்களோடு கலந்து சங்கிலி நெடுகப் பரவுகின்றன. இப்படிப்பட்ட சங்கிலிதான் கான்ஜுகேட்டட் பாலிமர். தூய நிலையில் அது குறைகடத்தி. எலக்ட்ரானைப் பிடுங்கினால், அல்லது கூடுதலாகக் கொடுத்தால், கடத்தி.

1977-இல் ஷிராகாவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் படலத்தில் அயோடின் ஆவியை ஏற்றி, அதன் கடத்துதிறனைக் கோடி மடங்கு அளவுக்கு உயர்த்தினார்கள். 2000-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பாலிஅசிட்டிலீன் எதிலும் கரையாது, காற்றுப் பட்டால் கெட்டுவிடும். அதை மையாக்கி அச்சிட வழியில்லை. இன்று புழங்கும் குறைகடத்திப் பாலிமர்களில் பெரும்பாலானவை தையோஃபீன் போன்ற வளையங்களைக் கோத்து, கரைவதற்காகப் பக்கவாட்டில் ஆல்கைல் வால் ஒட்டியவை.

முதன்முதலில் எந்தப் பாலிமரைச் செய்து பார்க்கலாம்?

பாலி(3-ஹெக்சைல்தையோஃபீன்), சுருக்கமாகப் பி3எச்டி. இதைவிட வேகமாக மின்னூட்டம் கடத்தும் பாலிமர்கள் பல வந்துவிட்டன. சூரியக் கலத்தில் இதையும் ஃபுல்லரீனையும் (எலக்ட்ரானை ஏற்கும் பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு) கலந்து கிடைத்த திறன் 4–5 சதவீதம்தான். புதிய பாலிமர்களும் ஃபுல்லரீன் அல்லாத ஏற்பிகளும் சேர்ந்து 19 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. இருந்தாலும் கற்றுக்கொள்ள இதுவே உகந்தது. ஒரே மோனோமர் (சங்கிலியில் கோக்கப்படும் அலகு), அறைவெப்பநிலையை ஒட்டிய வினை, கழுவலையும் உலர்த்தலையும் விட்டால் ஒரு நாளில் முடிந்துவிடும் வேலை. தவறு எங்கே நடந்தது என்பதை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு (என்.எம்.ஆர்.) வரைபடமும் படலத்தின் நிறமுமே சொல்லிவிடும்.

"மலிவானது" என்கிறார்களே, எவ்வளவு உண்மை?

படலம் போடும் கட்டத்தில் உண்மை. மையைப் போலப் பூசலாம், 150 °செ-க்குள் உலர்த்தலாம், வெற்றிடக் கலம் வேண்டாம், 50 நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் செல்வது 0.05 கிராம் அளவுக்குத்தான். பாலிமர் தயாரிக்கும் கட்டத்தில் நிலைமை வேறு. வணிக மூலப்பொருளிலிருந்து எத்தனை படிகள், எத்தனை முறை சிலிக்கா நிரலில் ஏற்றி இறக்குகிறோம், எத்தனை லிட்டர் கரைப்பானைக் கழிவாக்குகிறோம் என்பவைதான் விலையைத் தீர்மானிக்கின்றன. ஒரு படிக்கு 80 சதவீத விளைச்சல் என்றே வைத்துக்கொண்டாலும் பத்துப் படிகள் கடந்தால் கையில் மிஞ்சுவது 11 சதவீதம். திறனில் சாதனை படைத்த பல பாலிமர்கள் இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும். பி3எச்டி இன்னும் மதிப்போடு இருப்பதற்குக் காரணமே அதன் படிகள் குறைவு என்பதுதான்.

எந்த வினைமுறையைத் தேர்ந்தெடுப்பது?

ஃபெரிக் குளோரைடு முறை மிக எளிது: 3-ஹெக்சைல்தையோஃபீன் ஒரு பங்குக்கு நான்கு மோல் பங்கு நீரற்ற ஃபெரிக் குளோரைடு, குளோரோஃபார்மில் ஓரிரவு. ஆனால் வால்கள் ஒரே திசையில் அமைவது 70–80 சதவீதம்தான். படிந்துபோகும் இரும்பை முழுதாகக் கழுவி எடுப்பதும் கடினம். உணர்விகளுக்குப் போதலாம், டிரான்சிஸ்டருக்குப் போதாது.

கிரினார்ட் வழி, அதாவது 2,5-டைப்ரோமோ-3-ஹெக்சைல்தையோஃபீனில் ஒரு புரோமினை மக்னீசியமாக மாற்றி நிக்கலால் கோக்கும் முறை, தையோஃபீன் பாலிமருக்குச் சரியான தேர்வு. இதில் சங்கிலி ஒரு முனையிலிருந்து வளர்வதால் மூலக்கூறு எடையை நிக்கலின் அளவே தீர்மானிக்கிறது. இரண்டு வெவ்வேறு மோனோமர்கள் மாறி மாறி வரவேண்டிய பாலிமர்களுக்குச் சுசுகி அல்லது ஸ்டில்லி வினை; முன்னது போரான் சேர்மத்தையும் பின்னது டின் சேர்மத்தையும் பல்லேடியத்தால் கோப்பது. அவற்றைக் கீழே தனியாகப் பார்ப்போம். நேரடி ஏரைலேற்றம் போரானும் டின்னும் இல்லாமலே கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை நேராகக் கோக்கிறது. படிகள் குறையும், நச்சு குறையும். ஆனால் வேண்டாத பீட்டா இடத்திலும் (கந்தகத்திலிருந்து இரண்டாவது கார்பன்) பிணைந்து கிளை விட்டால் கரையாத பசைதான் மிச்சம்.

கிரினார்ட் முறையில் 5 மில்லிமோல் அளவுக்கான செய்முறை என்ன?

100 மி.லி. மூன்றுகழுத்துக் குடுவை, காந்தக் கலக்கி, சிரிஞ்ச் ஊசிகள் எல்லாவற்றையும் 120 °செ அடுப்பில் ஓரிரவு வைத்து, நைட்ரஜன் ஓட்டத்திலேயே ஆறவிடுங்கள்.

1. 2,5-டைப்ரோமோ-3-ஹெக்சைல்தையோஃபீன் 1.63 கிராம் (5.0 மில்லிமோல், மூலக்கூறு எடை 326.1) எடுத்து, 10 மி.லி. உலர் டெட்ராஹைட்ரோஃபியூரானில், அதாவது டிஎச்எஃப்-இல், கரைக்கவும்.

2. ஐசோபுரோப்பைல் மக்னீசியம் குளோரைடு (கிரினார்ட் வினைப்பொருள்) 4.8 மில்லிமோல் சேர்க்கவும். புட்டியில் 2.0 மோலார் என்று இருந்தால் 2.40 மி.லி.; ஆனால் புட்டியை நம்பாதீர்கள், அடுத்த பதிலைப் பாருங்கள். துளித்துளியாக விட்டு, அறைவெப்பநிலையில் 2 மணி நேரம் கலக்கவும்.

3. 0.1 மி.லி. மட்டும் எடுத்து நீரில் விட்டு, ஈதரில் பிரித்து வாயு நிறப்பகுப்பில் ஓட்டுங்கள். மாறாத டைப்ரோமோ 5 சதவீதம் அளவில் இருந்தால் சரி. 20 சதவீதம் இருந்தால் கிரினார்ட் செத்துப்போயிருக்கிறது. நிக்கலை வீணாக்க வேண்டாம்.

4. டிஎச்எஃப் மேலும் 40 மி.லி. சேர்த்து நீர்க்கச் செய்து, வினையூக்கியான நிக்கல் டிபிபிபி குளோரைடு (டிபிபிபி என்பது நிக்கலைப் பற்றும் ஒரு பாஸ்ஃபீன்) 27 மி.கி. (0.05 மில்லிமோல், அதாவது மோனோமரில் 1 மோல் சதவீதம்) ஒரே தடவையில் போடவும். இந்தச் செந்நிறத் தூள் டிஎச்எஃப்-இல் லேசில் கரையாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் சில சங்கிலிகள் முன்னதாகவும் சில தாமதமாகவும் தொடங்கி நீளங்கள் ஒன்றுக்கொன்று மாறிவிடும். 2 மி.லி. டிஎச்எஃப்-இல் கலக்கிக் குழம்பாக ஊற்றுவது நல்லது.

5. 35 °செ-இல் ஒரு மணி நேரம். நிறம் ஆரஞ்சு, சிவப்பு, பிறகு கருஞ்சிவப்பு என்று போகும். அறை குளிராக இருந்தால் பாலிமர் ஊதா நிறத் துகளாகப் பிரிந்து வளர்ச்சி நின்றுவிடும்; 35 °செ என்பது அதற்காகத்தான்.

6. 5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 3 மி.லி. ஒரே வீச்சில் செலுத்தவும். குடுவைக்கு வாயு வெளியேற வழி இருக்கட்டும்.

7. ஒரு நிமிடம் கழித்து 250 மி.லி. மெத்தனாலில் ஊற்றினால் கரும் ஊதாச் செதில்கள் விழும். வடிகட்டி, மெத்தனாலில் கழுவவும்.

கிரினார்ட் செறிவை ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டுமா?

வேண்டும். பத்து நிமிட வேலை. அயோடின் 254 மி.கி. (1.00 மில்லிமோல்) எடுத்து, லித்தியம் குளோரைடு கலந்த (0.5 மோலார்) உலர் டிஎச்எஃப் சில மி.லி.யில் கரைத்து, பனிக்கட்டிக் குளியலில் வையுங்கள். 1 மி.லி. சிரிஞ்சில் கிரினார்டை எடுத்துத் துளியாக விடுங்கள். கரும்பழுப்பு வெளுத்து மஞ்சளாகும், கடைசித் துளியில் நிறமே போய்விடும். 0.53 மி.லி. செலவானால் உண்மையான செறிவு 1.89 மோலார். அப்படியானால் மேலே சொன்ன 4.8 மில்லிமோலுக்கு 2.54 மி.லி. வேண்டும். சீட்டை நம்பி 2.40 விட்டிருந்தால் போனது 4.5 மில்லிமோல்தான்.

குறைவாகப் போனால் பெரிய கேடு இல்லை: கொஞ்சம் டைப்ரோமோ மிஞ்சும், கழுவலில் போய்விடும். கூடிப்போவதுதான் ஆபத்து. மிஞ்சிய ஐசோபுரோப்பைல் தொகுதி நிக்கலில் ஏறி, சங்கிலி முனையில் உட்கார்ந்து வளர்ச்சியை முடித்துவிடும். 0.96 பங்கு என்று வைப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

டிஎச்எஃப் எவ்வளவு உலர்ந்திருக்க வேண்டும்?

கணக்குப் போட்டால் பதில் தானே வரும். 50 மி.லி. டிஎச்எஃப் சுமார் 44.5 கிராம். அதில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு நீர் இருந்தால் 4.45 மி.கி., அதாவது 0.25 மில்லிமோல். உங்கள் கிரினார்டில் 5 சதவீதம் அதிலேயே காலி. நிக்கல் 0.05 மில்லிமோல்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீர் அதைப்போல ஐந்து மடங்கு. 20 பங்குக்குக் கீழே கொண்டுவருவது இலக்கு.

சோடியமும் பென்சோஃபீனோனும் போட்டு நீலம் நிலைக்கும்வரை கொதிக்கவைப்பது பழைய வழி. 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையை 300 °செ-இல் வெற்றிடத்தில் ஓரிரவு உயிர்ப்பித்து, 100 மி.லி.க்கு 20 கிராம் வீதம் போட்டு இரண்டு மூன்று நாள் மூடிவைத்தாலும் வேலை நடக்கும், தீவிபத்துப் பயமும் குறைவு. பழைய டிஎச்எஃப் என்றால் முதலில் பெராக்சைடு சோதனைத் தாளில் பாருங்கள். சோடியத்தைக் குளோரோஃபார்ம் பக்கமே கொண்டுபோகக் கூடாது; இரண்டும் சேர்ந்தால் வெடிக்கும்.

நிக்கலைப் போட்டு அரை மணி ஆகியும் மஞ்சளாகவே இருக்கிறது. ஏன்?

கிரினார்ட் இல்லை, அல்லது வினையூக்கி இல்லை. மூன்றாம் படியில் வாயு நிறப்பகுப்பு பார்த்திருந்தால் முதலாவதைத் தள்ளிவிடலாம். வினையூக்கி பழையதாக, காற்றுப்பட்ட புட்டியில் பச்சை பூத்து இருந்தால் புதியது வாங்குங்கள். மோனோமரில் மிஞ்சிய அமிலமோ, புரோமினேற்றத்தில் வந்த சக்சினிமைடோ இருந்தாலும் கிரினார்ட் அங்கே செலவாகிவிடும். மோனோமரை வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, நிறமற்ற அல்லது வெளிர்மஞ்சள் நீர்மமாக மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஏன் அமிலம்? நேராக மெத்தனாலில் ஊற்றினால் என்ன?

நீரோ மெத்தனாலோ மெதுவாக வினையை நிறுத்தும். அந்த இடைவெளியில் நிக்கல் முனையுள்ள இரண்டு சங்கிலிகள் ஒன்றோடொன்று தைத்துக்கொள்ளும். ஜி.பி.சி. (சங்கிலிகளை நீளவாரியாகப் பிரித்து எடை காட்டும் கருவி) வரைபடத்தில் முதன்மை முகட்டுக்குப் பக்கத்தில், சரியாக இரட்டிப்பு எடையில் ஒரு தோள் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. கூடவே சங்கிலியின் நடுவில் தலையோடு தலை ஒட்டிய ஒரு குறையும் உட்கார்ந்துவிடும். வீரியமான அமிலம் உடனே முனையை ஹைட்ரஜனால் மூடிவிடுகிறது.

விளைச்சல் 60 சதவீதத்தைத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

தாண்டாததில் வியப்பில்லை. ஐசோபுரோப்பைல் மக்னீசியம் குளோரைடு இரண்டு புரோமின்களில் வால் இல்லாத பக்கத்தையே விரும்பினாலும், ஐந்தில் ஒரு பங்கு மறுபக்கத்தில் போய்விடுகிறது. அந்த 20 சதவீத மாற்றியம் நிக்கலோடு அநேகமாகக் கோவைப்படாது. 4.8 மில்லிமோலுக்குக் கோட்பாட்டு எடை 0.80 கிராம், அதில் 0.64-தான் உண்மையான உச்சம். கழுவலுக்குப் பிறகு 0.45–0.55 கிராம் கிடைத்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். 5-ஆம் இடத்தில் அயோடின் உள்ள மோனோமரை வாங்கினால் மாற்றம் ஒரே பக்கத்தில் நடக்கும், விளைச்சல் ஏறும், கூடவே செலவும் ஏறும்.

சங்கிலி நீளத்தையும் இதை வைத்தே கணிக்கலாம்: வினையில் இறங்குவது 3.84 மில்லிமோல், நிக்கல் 0.05, ஆக ஒரு சங்கிலிக்கு 77 அலகு, எடை சுமார் 12,800. ஜி.பி.சி. கருவி பாலிஸ்டைரீனோடு ஒப்பிடுவதால் அதில் ஒன்றரை முதல் இரண்டு மடங்காகத் தெரியும். ஏமாற வேண்டாம்.

சாக்ஸ்லெட் கழுவலில் எதை எந்த வரிசையில்?

சாக்ஸ்லெட் என்பது கொதித்துக் குளிரும் கரைப்பானால் பாலிமரைத் திரும்பத் திரும்பக் கழுவும் கருவி. வரிசை: மெத்தனால், ஹெக்ஸேன், குளோரோஃபார்ம். மெத்தனால் மக்னீசிய உப்பையும் மோனோமரையும் எடுத்துப்போகும். ஹெக்ஸேன் குட்டைச் சங்கிலிகளை ஆரஞ்சு நிறமாக இறக்கும். நல்ல பாலிமர் குளோரோஃபார்மில் வரும். நேரத்தைப் பார்க்காதீர்கள், வழியும் கரைப்பானின் நிறத்தைப் பாருங்கள். ஹெக்ஸேன் நிறமில்லாமல் இறங்கும்வரை, பொதுவாக ஒரு நாள், விடவேண்டும். சோம்பலில் இதைப் பாதியில் நிறுத்தினால் விளைச்சல் கூடியது போல் தோன்றும், டிரான்சிஸ்டர் பழிவாங்கும். சுமார் 3,000 எடையுள்ள பி3எச்டி படலத்தில் மின்னூட்ட நகர்வு (மின்புலத்தில் மின்னூட்டம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதன் அளவு), 30,000-க்கு மேல் எடையுள்ளதில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. கடைசியில் குளோரோஃபார்ம் கரைசலைச் சுண்டவைத்து மெத்தனாலில் மறுபடி வீழ்த்தி, 50 °செ வெற்றிடத்தில் ஓரிரவு உலர்த்துங்கள்.

கிடைத்தது சரியான பாலிமர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டியூட்டீரியக் குளோரோஃபார்மில் புரோட்டான் என்.எம்.ஆர்.: 6.98 பிபிஎம்-இல் தையோஃபீன் ஹைட்ரஜன், 2.80-இல் வாலின் முதல் மெத்திலீன். வால்கள் தலையோடு தலை மோதும் இடங்கள் 2.57-இல் தனியாக எழும். இரண்டு பரப்புகளையும் கூட்டி, அதில் 2.80-இன் பங்கைப் பார்த்தால் ஒழுங்கு விகிதம் கிடைக்கும். 96–98 சதவீதம் எதிர்பார்க்கலாம். சங்கிலி முனைகளும் 2.6 அருகே சிறிதாகக் காட்டும் என்பதால் குட்டைச் சங்கிலிகளில் இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைத்துச் சொல்லும்.

கருவி எதுவும் கைவசம் இல்லையா? ஒரு துளிக் கரைசலைக் கண்ணாடிச் சில்லில் உலரவிடுங்கள். கரைசல் ஆரஞ்சு (உறிஞ்சல் 450 நானோமீட்டர்). உலர உலர ஓரத்திலிருந்து உள்நோக்கி ஊதா படர வேண்டும். சங்கிலிகள் நிமிர்ந்து அடுக்காவதன் அடையாளம் அது. நிறமாலையில் 520, 550, 605 நானோமீட்டரில் மூன்று மேடுகள் தெரியும். உலர்ந்த பிறகும் ஆரஞ்சாகவே இருந்தால் வால்கள் தாறுமாறாக அமைந்திருக்கின்றன, அந்தத் தொகுதியைப் போட்டுவிடலாம்.

ஸ்டில்லி, சுசுகி வினைகளில் மூலக்கூறு எடை ஏறவே இல்லை.

இங்கே சங்கிலி ஒரு முனையிலிருந்து வளர்வதில்லை. எல்லாம் எல்லாவற்றோடும் ஒட்டி, கடைசிச் சில சதவீதத்தில்தான் நீளமாகிறது. கரோதர்ஸ் சமன்பாட்டின்படி மோனோமர் விகிதம் துல்லியமாக ஒன்றுக்கு ஒன்று இருந்து, வினை 95 சதவீதம் முடிந்தால் சராசரி 20 அலகு. 99 சதவீதம் முடிந்தால் 100. விகிதம் 0.98 ஆகிவிட்டால் வினை முழுதாக முடிந்தாலும் 99-ஐத் தாண்டாது, 0.95 ஆனால் 39-தான்.

200 மி.கி. மோனோமரில் 2 சதவீதம் என்பது 4 மி.கி. எடைத்தாளில் ஒட்டிக்கொண்டு போகும் அளவு அது. நான்கு தசம இடத் தராசில், வினைக் குழாய்க்குள்ளேயே நேராக எடை போடுங்கள். தராசைவிடப் பெரிய எதிரி மோனோமரின் தூய்மை: 97 சதவீதத் தூய்மையுள்ள டின் மோனோமரை எத்தனை தசமத்துக்கு நிறுத்தாலும் பயன் இல்லை. டின் சேர்மங்கள் சிலிக்காவில் உடையும், மறுபடிகமாக்கலே வழி.

அடுத்தது ஆக்சிஜன். அது பல்லேடியத்தைக் கெடுப்பதோடு, ஒரே வகை மோனோமர்களைத் தங்களுக்குள்ளேயே ஒட்டவைத்து விகிதத்தையும் குலைக்கும். உறையவைத்து, உறிஞ்சி, உருக்கும் சுற்றை மூன்று முறை செய்யுங்கள். நைட்ரஜனைக் குமிழியிடுவதானால் 30 நிமிடமாவது வேண்டும்.

ஸ்டில்லிக்கு வழக்கமான கலவை: குளோரோபென்சீன், டிரிஸ்(டைபென்சிலிடீன்அசிட்டோன்) டைபல்லேடியம் 2 மோல் சதவீதம், டிரை(ஆர்த்தோ-டோலைல்)பாஸ்ஃபீன் 8 மோல் சதவீதம், 110 °செ, ஒன்று அல்லது இரண்டு நாள். சுசுகிக்கு டொலுவீன், 2 மோலார் சோடியம் கார்பனேட் நீர்க்கரைசல், டெட்ராகிஸ்(டிரைஃபினைல்பாஸ்ஃபீன்) பல்லேடியம் 1 மோல் சதவீதம், நிலைமாற்ற ஊக்கி சில துளி, 90 °செ. நீரும் டொலுவீனும் கலவாதவை. கலக்கி மெதுவாகச் சுழன்றால் வினையும் நின்றுபோகும். முடிவில் சுசுகி என்றால் புரோமோபென்சீன், பிறகு ஃபினைல்போரானிக் அமிலம் போட்டு இரு முனைகளையும் மூடுங்கள். மூடாத புரோமின் முனை பின்னாளில் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் பொறியாகும்.

டின் சேர்மங்கள் எவ்வளவு ஆபத்து?

டிரைமெத்தில்டின் வகை நரம்பைத் தாக்கும், எளிதில் ஆவியாகும், தோல் வழியாகவும் ஏறும். டிரைபியூட்டைல் வகை ஆவியாவது குறைவு, ஆனால் அது பெரும்பாலும் படிகமாகாத எண்ணெய், தூய்மை எட்டாது. ஆய்வாளர்கள் டிரைமெத்திலை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான். புகைக்கூண்டுக்கு வெளியே புட்டியைத் திறக்காதீர்கள், இரட்டைக் கையுறை போட்டு வெளியுறையை அடிக்கடி மாற்றுங்கள், டின் கழிவுக்குத் தனிப் புட்டி வையுங்கள். வினையில் வெளிப்படும் டிரைமெத்தில்டின் ஹாலைடுதான் கழிவிலேயே மோசமானது. சுழல் ஆவியாக்கியின் குளிர்பொறியில் அது வந்து சேர்ந்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பெருமளவு உற்பத்தி பேசும்போது ஸ்டில்லியைக் கைவிட்டுத்தான் யோசிக்க வேண்டும்.

மிஞ்சிய பல்லேடியத்தை எப்படி எடுப்பது?

பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்து, சோடியம் டைஎத்தில்டைதயோகார்பமேட் நீர்க்கரைசலோடு 50 °செ-இல் இரண்டு மணி நேரம் வேகமாகக் கலக்குங்கள். நீர்ப்பகுதி மஞ்சள் பழுப்பாகும். பிரித்து, வெறும் நீரால் மூன்று முறை கழுவி, மெத்தனாலில் வீழ்த்துங்கள். சாக்ஸ்லெட் மட்டும் போதாது. கரும்பல்லேடிய நுண்துகள்கள் பாலிமரோடேயே ஒட்டிக்கொண்டு வரும், சூரியக் கலத்தில் குறுக்குச்சுற்று ஏற்படுத்தும்.

படலம் புள்ளிபுள்ளியாக, திட்டுத்திட்டாக வருகிறது.

பி3எச்டி 10 மி.கி.யை 1 மி.லி. குளோரோபென்சீனில் போட்டு, 60 °செ-இல் சில மணி நேரம் கலக்கி, சூடாக இருக்கும்போதே 0.45 மைக்ரான் டெஃப்லான் வடிகட்டியால் வடித்து, நிமிடத்துக்கு 1,500 சுழற்சி வேகத்தில் ஒரு நிமிடம் சுழற்றுங்கள். செல்லுலோஸ் அசிட்டேட் வடிகட்டி இந்தக் கரைப்பானிலேயே இளகும். முந்தைய நாள் கரைசல் ஆறிக் கூழாகியிருக்கும். மறுபடி சூடாக்காமல் பயன்படுத்துவதுதான் புள்ளிகளுக்கு முதற்காரணம்.

குளோரோஃபார்ம் 61 °செ-இல் கொதிப்பது, சட்டென்று உலரும், சங்கிலிகள் ஒழுங்காக நேரம் இல்லை. குளோரோபென்சீன் 132, ஆர்த்தோ-டைகுளோரோபென்சீன் 180. மெதுவாக உலரும் படலம் அடுக்கு கூடியது. ஆக்டாடெசில்டிரைகுளோரோசிலேன் பூசிய வேஃபரில் (சிலிக்கான் தகட்டில்) கரைசல் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடினால், செறிவைக் கூட்டுங்கள் அல்லது ஹெக்சாமெத்தில்டைசிலசேன் பூச்சுக்கு மாறுங்கள். பூசிய வேஃபர் மூட்டமாகத் தெரிந்தால் ஈரத்தில் சிலேன் தானே கட்டிபட்டிருக்கிறது. கழுவித் திரும்பச் செய்வதைத் தவிர வழியில்லை. படலம் உலர்ந்த பிறகு அதை நைட்ரஜனில் 120 °செ-இல் 15 நிமிடம் சூடாக்குங்கள்.

டிரான்சிஸ்டர் அணையவே மாட்டேன் என்கிறது. நகர்வை எப்படிக் கணக்கிடுவது?

காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் பி3எச்டி-யிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி அதை லேசாக மாசூட்டிவிடுகின்றன. வெற்றிடத்தில் 120 °செ-இல் அரை மணி வைத்தால் பெரும்பகுதி இறங்கும். அதற்கு முன், ஊசிமுனையால் மின்முனைகளைச் சுற்றிப் படலத்தைக் கீறித் தனிமைப்படுத்துங்கள். கசிவு மின்னோட்டம் பாதிக்குப் பாதி அங்கேயே அடங்கிவிடுவது உண்டு.

செறிவுநிலையில் (மின்னோட்டம் மேலும் ஏறாமல் நிலைத்துவிடும் பகுதியில்) மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தைக் கேட் எனப்படும் கட்டுப்பாட்டு மின்முனையின் மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்து சரிவை எடுங்கள். 300 நானோமீட்டர் சிலிக்கான் ஆக்சைடுக்கு மின்தேக்குத்திறன் சதுர செ.மீ.க்கு 11.5 நானோஃபாரட். தடத்தின் அகலம் நீளத்தைப்போல 500 மடங்கு, சரிவு 0.0002 என்றால்: சரிவின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, 500-ஆலும் மின்தேக்குத்திறனாலும் வகுக்க, 0.014 செ.மீ²/வோல்ட்·வினாடி. முதல் முயற்சிக்கு நல்ல எண். நன்கு ஒழுங்குபட்ட படலத்தில் 0.1 வரை கிடைக்கும். வரைபடம் தொடக்கத்தில் செங்குத்தாகவும் பிறகு சாய்வாகவும் உடைந்திருந்தால், செங்குத்துப் பகுதியை எடுத்துப் பெரிய எண் எழுதத் தோன்றும். அந்த உடைவு தொடுமுனைத் தடையின் வேலை. பாலிமருக்கு அதில் பங்கில்லை.

பெடாட்-பிஎஸ்எஸ் நாமே தயாரிக்க வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். இந்தக் கடத்திப் பாலிமர் கலவையை நீரில் பரவிய நிலையிலேயே விற்கிறார்கள். அச்சிடும் மின்முனைக்கு எடுத்த எடுப்பில் அப்படியே பூசினால் கடத்துதிறன் செ.மீ.க்கு 1 சீமென்ஸ் அளவில்கூட வராது; 5 சதவீத டைமெத்தில்சல்ஃபாக்சைடு அல்லது எத்திலீன் கிளைக்கால் கலந்து 140 °செ-இல் 15 நிமிடம் உலர்த்தினால் சில நூறுக்கு ஏறும். 500 என்று வைத்தால் 100 நானோமீட்டர் படலத்தின் தளத்தடை சதுரத்துக்கு 200 ஓம். சாதாரணப் பெட் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) தாள் 140-ஐத் தாங்காமல் நெளியும். 110–120-இல் நேரத்தைக் கூட்டுங்கள். புட்டியை உறையவிடாதீர்கள், உறைந்தால் துகள்கள் திரண்டு மீளாது. அது கடும் அமிலம் என்பதால் அலுமினியத் தடங்களையும், நாளடைவில் இண்டியம் டின் ஆக்சைடையும் அரிக்கும்.

தயாரித்த பாலிமரை எப்படி வைப்பது?

உலர்ந்த திடப்பொருளாக, பழுப்புப் புட்டியில், நைட்ரஜன் நிரப்பி, குளிர்ச்சியில். எடுக்கும்போது புட்டி அறைவெப்பநிலைக்கு வந்த பிறகே திறங்கள். இல்லையென்றால் காற்றின் ஈரம் உள்ளே படியும். கரைசலாக வெளிச்சத்தில் வைத்தால் பி3எச்டி சில நாட்களிலேயே வெளுக்கத் தொடங்கும். ஒவ்வொரு தொகுதியின் எடை, ஒழுங்கு விகிதம், எந்தப் புட்டி கிரினார்ட் என்பதைச் சீட்டிலேயே எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு டிரான்சிஸ்டர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்போது முதலில் தேடப்போவது அந்தச் சீட்டைத்தான்.